தலைமடை அன்பர்களுக்குக் கடைமடையிலிருந்து ஒரு விண்ணப்பம்

ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோடை நாட்களில் கிருஷ்ணகிரி அணைக்கும் அதன் பூங்காவுக்கும் வந்துபோகும் அன்பர்களே,

காவேரிப்பட்டினத்தில், அந்த அணையின் கால்வாய்ப் பாசனத்தை நம்பிச் சிறிது நஞ்சை நிலம் வைத்துப் பயிர் செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். உங்களில் எவரையும் பெயர் சொல்லி அறியேன். ஆயினும், சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்ட நாள் முதல், மாங்காய் வரத்து ஓய்ந்து ஆடிக்காற்று எழும் நாள் வரையில், ஞாயிற்றுக்கிழமைதோறும் நெடுஞ்சாலையை விட்டு அணைச் சாலையில் திரும்பும் உங்கள் வேன்களையும் பேருந்துகளையும் இருசக்கர வண்டிகளையும், அவற்றின் சன்னல்களில் தெரியும் குழந்தைகளின் முகங்களையும் பல வருஷங்களாகப் பார்த்துப் பழகியவன் என்ற உரிமையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டிய சில செய்திகள் எங்கள் மனத்தில் நெடுநாளாகத் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றை எங்களுக்குள் பேசிப் பேசி ஓய்ந்தோம். மனுக்களாக எழுதிக் குறைதீர் கூட்டங்களில் கொடுத்தோம். ஆனால் அவற்றைக் கேட்க வேண்டியவர்களில் முதன்மையானவர்கள் நீங்கள் என்பதும், உங்களிடம் இதுவரை எவரும் நேரில் வாய் திறக்கவில்லை என்பதும் எனக்கு மிகுந்த குறையாகப் பட்டமையால் இன்று எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வராதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆறு நாட்கள் ஷிப்டு முறையில் யந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே நின்று உழைத்து, ஏழாம் நாள் ஒரு மரநிழலையும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த ஜலத்தையும் தேடி ஒரு குடும்பம் வருமானால், அதனினும் நியாயமான ஆசை வேறொன்று இருக்க முடியாது. உங்கள் வரவால் எங்கள் ஜனங்களுக்கும் ஜீவனம் நடக்கிறது. அணைவாசலில் கட்லாவையும் ஜிலேபியையும் மசாலா தடவி வறுத்துக் கொடுக்கும் பெண்கள், சாலையோரம் செந்தூராவையும் பங்கனப்பள்ளியையும் குவித்து வைத்து விற்பவர்கள், திரும்பும் வழியில் நீங்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்கிச் செல்லும் எங்கள் ஊர் நிப்பட்டைச் சுட்டெடுப்பவர்கள் ஆகிய அனைவருக்கும் கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்பது வாரம் முழுவதற்குமான வருமானம். பூங்காவில் உங்கள் குழந்தைகள் ஊஞ்சலாடும் சத்தம் அருகிலுள்ள வயல்களில் வேலை செய்வோர் காதிலும் விழுகிறது. அது எங்களுக்குச் சந்தோஷமான சத்தமே.

ஆனால் அந்தப் பூங்காவை ஒட்டி உயர்ந்து நிற்கும் கரைக்கு அப்பால் கிடக்கும் ஜலம் எத்தகையது என்பதை நீங்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். வேடிக்கை பார்ப்பதற்கென்று தேக்கிய நீர் அன்று அது. இந்தப் பிரதேசம் சேலம் ஜில்லாவின் ஒரு பகுதியாய், மானத்தை நோக்கிப் பயிரிடும் வறண்ட சீமையாய்க் கிடந்த காலத்தில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தென்பெண்ணையின் குறுக்கே எழுப்பப்பட்டு, 1958 முதல் பாசனத்துக்குப் பயன்பட்டு வருவது இந்த அணை. 52 அடி உயரத்துக்கு ஜலத்தைத் தேக்கி, இடதுபுறம் ஒன்று வலதுபுறம் ஒன்று என இரண்டு கால்வாய்களின் வழியே, பெரியமுத்தூர் தொடங்கிப் பதினாறு ஊராட்சிகளில் 9,012 ஏக்கர் நிலத்துக்கு அது நீர் கொடுக்கிறது. பெண்ணேஸ்வரமடத்தில் சோழர் காலத்துச் சிவாலயம் ஆற்றங்கரையில் நிற்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்; அந்த ஊர் வயல்களும் இந்த ஆயக்கட்டில் அடங்கியவையே. நீங்கள் வரும் வைகாசி மாதத்தில் ஜலம் கீழே இறங்கி, கரையோரத்தில் வெடித்த வண்டல் தெரியும். அந்த மிச்ச ஜலத்தை நீங்கள் ஒரு காட்சியாகப் பார்க்கிறீர்கள்; நாங்களோ, ஆடியில் முதல் போகத்துக்குக் கால்வாய் திறக்க அது போதுமா, நாற்றுவிடலாமா, விதைநெல்லுக்குக் கடன் வாங்கலாமா என்று அதைப் பார்த்தே நிச்சயிக்கிறோம்.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2017 நவம்பர் 29-ஆம் தேதியன்று, அணையின் எட்டு மதகுகளில் முதலாவது மதகு, அறுபது ஆண்டுகளாக நீரின் பாரத்தைத் தாங்கி நைந்துபோயிருந்த மதகு, உடைந்தது. அந்த வருஷம் நல்ல மழை பெய்து அணை ஏறக்குறைய நிரம்பியிருந்தது. உடைந்த வாயில் வழியே பீறிட்டு ஓடிய ஜலத்தை நிறுத்த வகையின்றி, நீர்மட்டம் 32 அடிக்கு இறங்கும் வரையில் அது ஆற்றோடு போயிற்று. இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் கரைமேல் நின்று அதைப் பார்த்தார்கள். பெரிய சத்தம் போட்டு அழுதவர் எவருமில்லை; ஆனால் அன்றிரவு எத்தனை வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை என்பதை நாங்கள் அறிவோம். பிறகு அரசாங்கத்தார் மதகுகளைப் புதுப்பித்தார்கள். எனினும், அந்த ஜலத்தின் ஒவ்வோர் அடிக்கும் எங்கள் வாழ்வில் என்ன விலை என்பதை எங்கள் தலைமுறை அந்த இரண்டொரு நாட்களில் பிரத்தியட்சமாகக் கண்டுகொண்டது.

இப்படிப்பட்ட ஜலத்தின் கரையில், உங்களில் சிலர் விட்டுச் செல்வது என்ன? ஞாயிறு மாலை நீங்கள் புறப்பட்ட பின், திங்கட்கிழமை விடியலில் அங்கே வந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியும். தின்ற இலைகள் மட்கிவிடும். அவற்றைப் பற்றி எங்களுக்கு ஆட்சேபமில்லை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருந்தும், பைகளும் கோப்பைகளும் கரை நெடுகக் காற்றில் புரள்கின்றன. அவற்றைக்கூடப் பொறுக்கிவிடலாம். பொறுக்க முடியாதது உடைந்த கண்ணாடி. மது அருந்திய புட்டிகளைப் பாறையில் அடித்து உடைப்பதில் சில இளைஞர்களுக்கு என்ன இன்பம் கிடைக்கிறதோ நான் அறியேன். அந்தச் சில்லுகள் சேற்றில் புதைந்து, கால்வாயில் அடித்துச் செல்லப்பட்டு, எங்கள் சேடைச் சேற்றில் வந்து தங்குகின்றன. நாற்று நடும் பெண்கள் செருப்பணிந்து சேற்றில் இறங்குவதில்லை. கணுக்கால் புதைய நின்று, குனிந்த முதுகு நிமிராமல் பகல் முழுவதும் நடுகிறவள் காலில் ஒரு சில்லு ஏறிவிட்டால், அந்தப் பருவத்துக் கூலி முழுவதும் அவளுக்குப் போய்விடும். மாட்டின் குளம்பில் ஏறினாலோ, கறவை நின்றுபோகும். பால் ஊற்றிப் பிழைக்கும் வீட்டுக்கு அது பெருத்த நஷ்டம். உடைத்தவர் மனத்தில் துரோக எண்ணம் எதுவும் இருந்திராது என்றே நம்புகிறேன். தம் கை விட்ட பொருள் யார் காலுக்குப் போய்ச் சேரும் என்று அவருக்கு எவரும் சொல்லியிராதது ஒன்றே காரணம். ஆகையால் நான் சொல்கிறேன்.

இதைவிடக் கொடிய துயரம் ஒன்று உண்டு. அணைக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே முழங்காலளவு ஜலம் ஓடுவதைப் பார்த்து, வெயிலின் கொடுமை தாங்காமல் உங்கள் பிள்ளைகள் அதில் இறங்குகிறார்கள். மதகு வழியே விழும் நீர் வருஷக்கணக்காக இடித்து இடித்துப் பாறைக்குள் குடைந்த மடுக்கள் அங்கே இருக்கின்றன. மேலே முழங்காலளவு தோன்றும் இடத்துக்கு இரண்டடி தள்ளி ஓராள் முழுகும் ஆழம் இருக்கும். பாசி படர்ந்த பாறையில் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. இன்னொன்றும் உண்டு. சித்திரை வைகாசி மாதங்களில் மாலை வேளையில் பெங்களூரிலும் நந்தி மலைப் பக்கத்திலும் இடியுடன் கூடிய கோடைமழை கொட்டுவது உங்களுக்குத் தெரியும். அந்த வெள்ளம் ஆற்றோடு இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையைக் கடந்து இங்கே வந்து சேரும்போது, எங்கள் வானத்தில் ஒரு துண்டு மேகமும் இராது. மேலணையில் மதகு திறந்தால் கீழணையிலும் திறக்க வேண்டிவரலாம். அப்போது வெயில் காயும் வறண்ட ஆற்றில் ஜலம் ஏறும். கரையோர ஜனங்களுக்கு எச்சரிக்கை சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு மட்டும் வந்துபோகிற உங்களுக்கு அந்தத் தமுக்குச் சத்தம் எட்டாமல் போகலாம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கரையிலிருந்து 'இறங்க வேண்டாம்' என்று கூவினால், அவரை அதிகாரம் செய்கிறவராக எண்ணிக் கோபிக்காதீர்கள். முங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்து கரையில் கிடத்தியவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். கூவுகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். படகேறி ஜலத்தின்மேல் போய்வர ஆசையிருந்தால், வரும் வழியிலேயே அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லம் இருக்கிறது, அங்கே போய்வாருங்கள்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கரைமேல் ஏறி நின்று ஜலத்தைப் பார்த்தவுடன் உங்களில் பலர் முகம் சுளிப்பதை நான் கண்டிருக்கிறேன். 'ஏன் இப்படிப் பச்சையாய் இருக்கிறது? ஏன் இந்த வாடை?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறீர்கள். 'இந்த ஊர்க்காரர்கள் ஓர் அணையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாதா?' என்று ஓர் அம்மையார் தம் குழந்தையிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாளாவிருந்த எங்கள் மௌனத்தின் மேல்தான் வருத்தம். அந்தப் பதிலை இப்போது சொல்ல அனுமதி கொடுங்கள்.

இந்த ஆறு சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்தில் நந்தி மலைத்தொடரில் பிறக்கிறது. ஹொஸ்கோட்டே வழியாகப் பெங்களூரின் கிழக்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்குகிறது. அந்த மாநகரத்தின் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் தொழிற்கூடங்களிலிருந்தும் புறப்படும் சாக்கடை நீரில் கணிசமான பகுதி பெள்ளந்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கு வழிந்து, அங்கிருந்து இந்த ஆற்றில் கலக்கிறது. பெள்ளந்தூர் ஏரியில் நுரை மலைபோல் எழுந்து சாலையை மூடியதையும், 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஜலத்தின் மேலேயே தீப்பற்றிப் புகை சூழ்ந்ததையும் பெங்களூர்வாசிகளான நீங்கள் எங்களைக் காட்டிலும் சமீபத்தில் இருந்து பார்த்தீர்கள். அப்போது அந்தப் பகுதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போன உங்களில் எத்தனை பேருக்கு, அந்த ஜலம் அங்கேயே நின்றுவிடுவதில்லை என்பது தோன்றியது? அது கொடியாளத்தின் அருகே தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மதகு திறந்து நீர் விழும் போதெல்லாம், அதில் கரைந்துள்ள சோப்புத்தூளும் இரசாயனங்களும் காற்றோடு கடையப்பட்டு, ஆள் உயரத்துக்கு வெண்ணுரையாய்ப் பொங்குவதைப் பத்திரிகைகளில் படமாகப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரைநீரில் இறங்கி வேலை செய்தால் தோல் அரிப்பெடுக்கிறது என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் ஆண்டுக்கணக்காக முறையிடுகிறார்கள். மழை பெய்யும் நாளில் வெள்ளத்தின் மறைவில் தொழிற்சாலைக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பதும் அவர்களுடைய நெடுநாள் புகார். அந்த ஜலமே இன்னும் பல மைல் கீழே இறங்கி, எங்கள் அணையில் வந்து நின்று, உங்களுக்குப் பச்சையாகக் காட்சி தருகிறது.

பச்சை நிறத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மனிதக் கழிவிலுள்ள தழைச்சத்தும், சோப்புத்தூளிலும் கழிவிலும் உள்ள மணிச்சத்தும், நாங்கள் பயிருக்குக் காசு கொடுத்து வாங்கும் அதே உரச்சத்துக்கள், ஜலத்தில் மிதமிஞ்சிச் சேரும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி கோடிக்கணக்கில் பெருகுகிறது. பகலில் சூரிய வெளிச்சத்தில் அந்தப் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் தானும் அதை உட்கொள்ளும். செத்து அழுகும்போது மிச்சமிருப்பதையும் தின்றுவிடும். கோடையில் ஜலம் சூடேறுவதால் அதில் பிராணவாயு கரைந்து நிற்பதே குறைவு. ஆகவே விடியற்காலையில், உங்கள் பேருந்துகள் ஓசூரைவிட்டுப் புறப்படாத அந்த நேரத்தில், மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாய் பிளந்து நிற்கும். சில நாட்களில் அவை கரையோரம் வெண்வயிறு காட்டி ஒதுங்கும். அணையருகே அரசாங்க மீன்பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்து ஜலத்தில் விட்டு, அவற்றைப் பிடித்துப் பிழைக்கும் மீனவர் குடும்பத்தார், அன்று வலையைக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் மத்தியானம் வந்து, மீன் ருசி குறைந்துவிட்டது என்று சொல்வீர்கள்.

அன்பர்களே, இப்போது புரிந்திருக்கும். நீங்கள் முகம் சுளித்த ஜலம் உங்கள் வீடுகளிலிருந்து உங்களுக்கு முன்னே புறப்பட்டு வந்த ஜலம். வாரம் ஆறு நாள் உங்கள் குளியலறையிலும் சமையலறையிலும் ஆலையிலும் இருந்து கீழே இறங்கியது, ஏழாம் நாள் பூங்காவில் உங்களை எதிர்கொள்கிறது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பதை நீங்கள் அறியாமலிருப்பது நியாயமன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தர்மம் உண்டு. தலைமடைக்காரன் தன் வயல் நிரம்பியவுடன் மடையை அடைத்து அடுத்தவனுக்கு விடவேண்டும். கடைமடைக்காரனின் கண்ணெதிரே தன் மாட்டை வாய்க்காலில் இறக்கிக் கலக்கக்கூடாது. இதற்கு எழுதிய சட்டமில்லை. ஆனால் இதை மீறியவன் வீட்டில் பெண் எடுக்க யோசித்த காலம் ஒன்று எங்கள் கிராமங்களில் இருந்தது. தென்பெண்ணை முழுவதையும் ஒரே வாய்க்காலாக எண்ணிப் பாருங்கள். பெங்களூர் அதன் தலைமடை. ஓசூர் அடுத்த மடை. நாங்கள் அதற்கும் கீழே. எங்களுக்குக் கீழேயும் இருக்கிறார்கள்: நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் பாரூர்ப் பெரிய ஏரிக்காரர்கள், சாத்தனூர் அணையை நம்பியவர்கள், திருக்கோவிலூர்க்காரர்கள், கடைசியில் கடலூரில் கடலோரம் வாழ்பவர்கள். காவேரிப்பட்டினத்துச் சாக்கடையும் அவர்களை நோக்கித்தான் போகிறது. ஆகவே தலைமடைக்காரனின் பொறுப்பு எங்களுக்கும் உண்டு. நாங்கள் எங்கள் பேரூரில் அதைப் பேசத் தொடங்கியிருக்கிறோம். உங்களிடம் கேட்பதை எங்களிடமும் கேட்டுக்கொண்ட பிறகே கேட்கிறேன்.

'நாங்கள் என்ன செய்ய முடியும்? நாங்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஆலையில் கூலிக்கு நிற்பவர்கள். இது இரண்டு ராஜ்யங்களின் சர்க்கார்களும் நீதிமன்றங்களும் தீர்க்க வேண்டிய விவகாரம் அல்லவா?' என்று நீங்கள் கேட்கலாம். தென்பெண்ணையின் ஜலப் பங்கீடு குறித்து இரண்டு ராஜ்யங்களுக்கும் வழக்கு நடப்பது உண்மையே. அதில் நியாயம் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் பிரார்த்தனையும்தான். ஆனால் வழக்கு எவ்வளவு ஜலம் என்பதைப் பற்றியது. நான் பேசுவது எப்படிப்பட்ட ஜலம் என்பதைப் பற்றி. அளவைத் தீர்மானிக்க நீதிபதிகள் வேண்டும். ஆனால் ஜலம் கெடுவது உங்கள் குடியிருப்பின் மூலையில், மின்விசைப் பொத்தான் ஒன்று அணைக்கப்படும் இடத்திலும் தொடங்குகிறது.

எப்படியென்று சொல்கிறேன். பெங்களூரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் தமக்கென ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைத்து நடத்த வேண்டும் என்பது விதி, எஸ்.டி.பி. என்று நீங்கள் சொல்வது அதைத்தான். கழிவைத் தின்று ஜலத்தைத் தெளியவைப்பவை அதிலுள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்கு இரவும் பகலும் காற்று ஊதிக்கொண்டிருக்க வேண்டும்; ஊதும் யந்திரத்தைச் சில மணி நேரம் நிறுத்தினால் அவை மூச்சடைத்துச் சாகத் தொடங்கும்; செத்தவை மீண்டும் பெருகப் பல நாட்கள் செல்லும். மின்சாரக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்த யந்திரத்தை நிறுத்திவிட்டு, கழிவை அப்படியே வெளியே விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு என்பதை அங்கே காவல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகளே வந்து சொல்கிறார்கள். மாதக் கூட்டத்தில் லிப்டைப் பற்றியும் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியும் மணிக்கணக்காக விவாதிக்கும் உங்களில் ஒருவர் எழுந்து, 'நம் எஸ்.டி.பி.யில் காற்று யந்திரம் இரவில் ஓடுகிறதா? வெளியேறும் ஜலத்தைக் கடைசியாக எப்போது பரிசோதித்தோம்? அந்த அறிக்கையைக் காட்டுங்கள்' என்று கேட்டால், அந்தக் கேள்வி ஒன்றே பல ஆயிரம் குடம் ஜலத்தைக் காக்கும். கேட்பதற்கு வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. குடியிருப்பவருக்கே அந்த உரிமை உண்டு.

ஓசூர்ச் சிப்காட் பேட்டைகளிலிருந்து வரும் தொழிலாளச் சகோதரர்களே, உங்கள் நிலைமை இதைவிடச் சிரமமானது என்பதை அறிவேன். ஆலைக்குள் கேள்வி கேட்பவனுக்கு நேரும் கதியை எனக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது இன்னும் கடினம். தனியொருவராகக் கேட்டு வேலையை இழக்குமாறு உங்களை நான் கேட்கவில்லை. ஆனால் தொழிற்சங்கம் என்று ஒன்று இருக்கிறதே, போனஸுக்கும் பணி நிரந்தரத்துக்கும் அது பேசுகிறதே, அந்தப் பேச்சுவார்த்தையில் ஆலையின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதும் ஒரு விஷயமாக இடம்பெறக் கூடாதா? உங்களில் பலர் இந்த ஜில்லாவின் கிராமங்களிலிருந்து போனவர்கள். உங்கள் தகப்பனார் வயலுக்குப் பாயும் ஜலத்தைப் பற்றிக் கேட்க உங்கள் சங்கத்துக்கு உரிமை இல்லையென்று எந்த முதலாளியும் வெளிப்படையாகச் சொல்லிவிட முடியாது.

இவையெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகிப்பவர்களுக்கு இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2018 முதல் கோலார் ஜில்லாவின் வறண்ட ஏரிகளுக்குக் குழாய்களில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதன் தரம் பற்றி அங்கே விவாதம் உண்டு. இன்னும் ஒருபடி சுத்திகரிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், அது நியாயமான கோரிக்கையே. ஆயினும், பணமும் மனமும் இருந்தால் ஒரு மாநகரம் தன் கழிவுநீரை அடுத்த ஜில்லாவுக்குப் பயன்படும் பொருளாக மாற்ற முயல முடியும் என்பது அதனால் தெரியவருகிறது. மற்றொன்று தூரதேசத்துச் செய்தி. எங்கள் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த 1957-ஆம் வருஷத்தில், லண்டன் மாநகரத்தின் ஊடே ஓடும் தேம்ஸ் நதி உயிரற்றுப்போனது என்று அந்நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் அறிவித்தார்கள். அப்போது அதில் மீன் வாழ வழியில்லை. பிறகு அந்நகரத்தார் சுத்திகரிப்பு நிலையங்களைப் புதுப்பித்தார்கள், ஆலைக்கழிவைக் கட்டுப்படுத்தினார்கள், 1974-இல், சுத்தமான ஜலத்தில் மட்டுமே வாழும் சால்மன் மீன் அந்த நதியில் மறுபடியும் காணப்பட்டது. பதினேழு வருஷங்கள் ஆயின. நமக்கு முப்பது வருஷங்கள் ஆகட்டும். ஆனால் எந்தக் கணக்குக்கும் முதல் வருஷம் என்று ஒன்று வேண்டும்.

ஆகையால், இந்தக் கோடையில் எங்கள் அணைக்கு வரும் அன்பர்களே, உங்களிடம் என் விண்ணப்பத்தை வைக்கிறேன். வாருங்கள், குழந்தைகளை அழைத்து வாருங்கள், மீன் வறுக்கும் பெண்களிடம் பேரம் பேசாமல் வாங்கி உண்ணுங்கள், மரநிழலில் படுத்து இளைப்பாறுங்கள். கண்ணாடிப் புட்டியைக் கரைக்குக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்த பையை வண்டியிலேயே திருப்பி எடுத்துச் செல்லுங்கள். மதகுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளை ஜலத்தில் இறக்காதீர்கள். பிறகு கரைமேல் ஏறி, அந்தப் பச்சை ஜலத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டி, இது எங்கிருந்து வருகிறது என்ற உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் அடுத்தபடி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பதிலைத் தேடிக்கொண்டு வீடு திரும்புங்கள்.

வீடு திரும்பிய அந்த வாரத்திலேயே, உங்கள் குடியிருப்பிலோ சங்கத்திலோ கழிவுநீர் பற்றி நான் மேலே எழுதிய கேள்வியைக் கேளுங்கள். வாயால் கேட்பதோடு நில்லாமல் எழுத்திலும் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். துணி துவைக்கச் சோப்புத்தூளை அள்ளிக்கொட்டும் பழக்கத்தை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் காலத்தில் வாசலுக்கு வந்து நிற்பவரிடம், பெள்ளந்தூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் இறங்கும் ஜலத்தைப் பற்றி அவர் என்ன செய்ய உத்தேசித்திருக்கிறார் என்று கேளுங்கள். கடைமடையில் இருப்பவர்களின் ஓட்டு உங்கள் ஊரில் இல்லை. அங்கே எங்களுக்காகப் பேச உங்களைத் தவிர வேறு எவரும் எங்களுக்கில்லை.

ஆடியில் முதல் போகத்துக்குக் கால்வாய் திறப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறோம். அதற்கு முன்னால் உங்களில் சிலராவது கேட்டுவிட வேண்டும் என்று கைகூப்பி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
காவேரிப்பட்டினத்து ஆயக்கட்டு விவசாயி ஒருவன்